சுண்டு விரல் மரத்துப்போனால் முதலில் சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். ஒரு வருடமாகக் காலையில் கியர் சைக்கிளில் முக்கொம்பு வரை போய் வருகிறேன். நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் வண்டி, 700×38 டயர், சஸ்பென்ஷன் கிடையாது. என் எடை 78 கிலோ. சில மாதங்களாக, ஏறி அரை மணி நேரத்தில் வலது கை சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. முன்பு இறங்கியதும் சரியாகிவிடும். இப்போது மதியம் வரை அப்படியே இருக்கிறது. இரண்டு வாரமாகச் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுகிறேன். இடது கையில் வேறு மாதிரி: இரவில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ஊசி குத்துவது போல ஆகித் தூக்கம் கலைகிறது. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சீட் உறுத்துகிறது என்று சொன்னதும் கடைக்காரர் அதன் முனையைக் கீழே சாய்த்துக் கொடுத்தார். கைக்கு ஜெல் கையுறை வாங்கினேன், பலன் இல்லை. மருத்துவர் சைக்கிளை விட்டுவிடச் சொல்கிறார். நண்பர்களோ கார்பன் வண்டி வாங்கினால் அதிர்வே தெரியாது என்கிறார்கள். சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, விட மனமில்லை. என்ன செய்யலாம்? வரும் ஞாயிற்றுக்கிழமை கல்லணைக்குப் போவதாகத் திட்டம், போகலாமா?

பதில்:

வணக்கம். சைக்கிளையே விட்டுவிட வேண்டிய நிலை இது என்று எனக்குத் தோன்றவில்லை. கையை நோகவைக்கும் காரணங்கள் சில உங்கள் கடிதத்திலேயே தெரிகின்றன. அவற்றில் பாதியைக் காசு செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பொத்தான் விஷயத்தைப் பேசியாக வேண்டும்.

விரல் மரத்துப்போவது, நரம்பில் உணர்வைக் கொண்டுவரும் இழைகள் நசுங்குவதால் வருவது. பொத்தான் போட, சாவி திருக, பேனா பிடிக்கத் தடுமாறினால் தசைகளை இயக்கும் இழைகளும் நசுங்க ஆரம்பித்திருக்கலாம். முதல் வகை பெரும்பாலும் அழுத்தத்தை எடுத்ததும் சில நாளில், சில வாரத்தில் தெளிந்துவிடும். இரண்டாவது மாதக் கணக்கில் இழுக்கும். கவனிக்காமல் விட்டால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை வற்றிப்போகும், வற்றியது முழுதாகத் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரையோ கை அறுவை நிபுணரையோ பாருங்கள். அவர் பார்க்கும் வரை சைக்கிள் வேண்டாம். காலை நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை, வேகமாக நடங்கள், சர்க்கரைக்கு அது போதும்.

வீட்டிலேயே ஒன்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் இடுக்கிப் பிடியுங்கள். வீட்டில் யாரையாவது அதை இழுக்கச் சொல்லுங்கள். கட்டை விரல் நிமிர்ந்தபடியே தாளைப் பிடித்து நிற்க வேண்டும். விரலின் நுனிக் கணு மடங்கிக்கொண்டுதான் பிடிக்க முடிகிறது, அதுவும் வலது கையில் மட்டும் அப்படி என்றால், தசை பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, வலது கையில் என்ன நடக்கிறது? உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி அழுத்துங்கள். பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும். பிஸிஃபார்ம் என்று பெயர். அங்கிருந்து உள்ளங்கைக்குள், ஆள்காட்டி விரலின் அடியை நோக்கி ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்து ஆழமாக அழுத்தினால் இன்னொரு மேடு, ஹேமேட் எலும்பின் கொக்கி. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகலான வழியில்தான், சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தரும் அல்நார் நரம்பு உள்ளங்கைக்குள் நுழைகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் கியோன் 1861-ல் விவரித்ததால் அதைக் கியோன் கால்வாய் என்கிறோம். அந்த இடத்தில் நரம்புக்கு மேலே தடித்த சதை எதுவும் இல்லை. நேர் ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் அடியை ஊன்றிச் சாய்ந்தால் உடம்பின் பாரம் நேராக அங்கேதான் இறங்குகிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் இது அடிக்கடி வருவதால் மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ஹேண்டில்பார் பால்ஸி (பால்ஸி என்றால் வாதம்) என்றே ஒரு பெயர் உண்டு.

ஆனால் சுண்டு விரல் மரத்தாலே மணிக்கட்டுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே நரம்பு முழங்கையின் உள்பக்கமாகவும் வருகிறது. மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்காரும் பழக்கம், போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவது, இரவில் கையை மடித்துத் தூங்குவது எல்லாமே அங்கே அதை நசுக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சுண்டு விரல் பக்கத்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு வருவதற்கு முன்பே, முன்கையிலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே புறங்கை நன்றாக இருந்து உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்திருந்தால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில். புறங்கையும் சேர்ந்து மரத்திருந்தால் முழங்கையையோ கழுத்தையோ சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் சைக்கிளை எவ்வளவு மாற்றினாலும் முழுப் பலன் கிடைக்காது.

உங்கள் இடது கை வேறு கதை. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், இரவில் எழுப்பிவிடும் வலி என்றால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டுக்கு நடுவே கார்பல் டனல் வழியாக வருவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது அந்த டனலுக்குள் அழுத்தம் ஏறுகிறது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளின்ட் ஒன்றை இரவில் மட்டும் சில வாரம் போட்டுப் பாருங்கள். மருந்துக் கடையிலேயே கிடைக்கும், இறுக்கமாகக் கட்டாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது, நரம்பில் மின் துடிப்பு எவ்வளவு நன்றாகப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கூடவே மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். பி12 குறைந்தாலே நரம்பு நலிவடையும், நலிந்த நரம்பு சின்ன அழுத்தத்தையும் தாங்காது. கால் விரல்களிலும் மரப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, பயமுறுத்தச் சொல்லவில்லை: உடம்பில் எங்காவது உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தொழுநோய் அல்நார் நரம்பை முழங்கை அருகே தாக்கும் நோய். இன்றும் நம் நாட்டில் இருக்கிறது, மருந்தில் முழுதாகக் குணமாகிறது. தேமலைத் தேடிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி வண்டிக்கு வருவோம்.

கை வலி என்றதும் எல்லோரும் கையுறை, கிரிப் என்று கை படும் இடத்தில்தான் பணத்தைப் போடுகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் சீட்டில் ஆரம்பிக்கிறது. சைக்கிளில் உடம்பின் பாரத்தைத் தாங்க மூன்றே இடம்: சீட், பெடல், ஹேண்டில்பார். முதல் இரண்டும் தாங்க மறுத்தால் மிச்சம் கைக்கு வந்துவிடும். வந்த பாரத்தைக் குறைக்காமல் அதன் கீழே மெத்தை வைத்தால் எப்படிப் பலன் இருக்கும்? உங்கள் ஜெல் கையுறை தோற்றது அதனால்தான்.

உங்கள் சீட்டின் முனையைக் கடைக்காரர் கீழே சாய்த்தது நல்லெண்ணத்தில்தான். அடிவயிற்றுப் பக்கம் உறுத்துகிறது என்று சொன்னால் உடனே தோன்றும் வைத்தியம் அது. ஆனால் முனை சாய்ந்த சீட்டில் உட்கார்ந்தால் உடம்பு நிமிடத்துக்கு நிமிடம் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்காமல் தடுப்பது உங்கள் இரண்டு கைகளும்தான். முக்கொம்பு போய்த் திரும்பும் வரை கைகள் உடம்பைப் பின்னால் தள்ளியபடியே இருக்கின்றன. நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். சமதரையில் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு நேரான பலகையையோ அட்டையையோ வைத்து, அதன் மேல் போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியை வைத்துப் பாருங்கள். மட்டமாக இருக்க வேண்டும். அதிகம் போனால் 1 அல்லது 2 டிகிரி சாயலாம். சீட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டை ஆலன் கீயால் தளர்த்தினால் சாய்வு மாறும். ஒற்றை போல்ட் வைத்த சீட் போஸ்ட்டில், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டில், உள்ளே பற்கள் இருக்கும். பல் சரியாகப் பொருந்தாமல் முடுக்கினால் முதல் வேகத்தடையிலேயே மறுபடி சாய்ந்துவிடும். முடுக்கியபின் ஒரு முறை கனமாக உட்கார்ந்து எழுந்து மட்டத்தைத் திரும்பப் பாருங்கள்.

அப்படியானால் பழைய உறுத்தல் திரும்பி வருமே என்று கேட்பீர்கள். அந்த உறுத்தலுக்கு வேறு காரணங்கள் உண்டு. ஒன்று, சீட் உயரம் அதிகமாக இருப்பது. பெடலைக் கீழே விட்டு அதன் மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. அதன்பின் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு கிடைக்கும். இதைவிட உயரமாக இருந்தால் பெடலை எட்டுவதற்காக நீங்களே சீட்டின் முனைக்கு நகர்ந்துகொள்வீர்கள். இரண்டாவது காரணம் ஹேண்டில்பார் தூரமாகவோ தாழ்வாகவோ இருப்பது. இடுப்பு முன்னால் உருண்டு மென்மையான பகுதி அழுந்தும். மூன்றாவது, சீட்டின் அகலம் உங்கள் உட்காரும் எலும்புகளுக்குப் போதாமல் இருப்பது. பஞ்சு போலப் புதையும் ஜெல் உறை போட்டால் எலும்பு புதைந்து நடுப்பகுதி இன்னும் அழுந்தும், அதை வாங்காதீர்கள். அகலம் போதுமான, ஓரளவு கெட்டியான சீட்தான் நீண்ட தூரத்துக்குச் சரி.

மட்டமும் உயரமும் சரியான பிறகு, சீட்டை முன்னே பின்னே நகர்த்துவது. இதைப் பலர் தொடுவதே இல்லை. சீட்டுக்கு அடியில் உள்ள இரண்டு கம்பிகளின் மேல் அதைச் சில சென்டிமீட்டர் நகர்த்தலாம். பின்னால் நகர்த்தினால் உடம்பின் பாரம் பெடலுக்கு நேராகப் போகும், கைக்கு வருவது குறையும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒருவரை வண்டியின் பின்புறத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லி ஏறி உட்காருங்கள். பெடல்கள் இரண்டும் தரைக்குச் சமமாக இருக்கட்டும், கால்களை அவற்றில் ஊன்றுங்கள். இப்போது உள்ளங்கைகளை கிரிப்பிலிருந்து ஒரு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். உடம்பு பொத்தென்று முன்னால் விழுந்தால் இத்தனை நாளும் அந்தப் பாரத்தைக் கைதான் தாங்கியிருக்கிறது. சீட்டை ஒவ்வொரு முறையும் 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி மறுபடி பாருங்கள். கொஞ்ச நேரமாவது முதுகின் பலத்தில் நிற்க முடிகிற இடம் ஒன்று வரும். அங்கேயே விடுங்கள். கம்பிகளில் குறித்திருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகம் பின்னால் போனால் முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். அப்போது பாதி தூரம் திரும்பி வாருங்கள்.

சீட் பின்னால் போனால் ஹேண்டில்பார் அந்த அளவுக்குத் தூரமாகிவிடும் அல்லவா? அதனால் அடுத்தது ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு சேர்க்கும் கழுத்துப் பகுதி. உங்களுடையது போன்ற ஹைப்ரிட் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டெம்முக்கு மேலேயும் கீழேயும் வளையங்கள் இருக்கும். மேலே இருப்பவற்றைக் கழற்றிக் கீழே போட்டால் ஹேண்டில்பார் அந்த அளவு உயரும். ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்சம் உயரும். இவை இரண்டும் இலவசம். அதுவும் போதாவிட்டால் நீளம் குறைந்த, மேல்நோக்கிய சாய்வு அதிகமான ஸ்டெம் வாங்கலாம். 100 மில்லிமீட்டர் ஸ்டெம் இருந்தால் 70-க்கு இறங்கிப் பார்க்கலாம், திருப்பும்போது வண்டி முன்பைவிடச் சட்டென்று திரும்பும், இரண்டு நாளில் பழகிவிடும். வாங்குவதற்கு முன் ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 25.4 மில்லிமீட்டரா 31.8-ஆ என்று அளந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உங்கள் வயதுக்கும் கைக்கும் கிரிப் சீட்டின் மட்டத்திலோ அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்திலோ இருப்பது நல்ல தொடக்கம்.

இந்த வேலையைக் கடையில் கொடுத்துச் செய்வதே எனக்குச் சம்மதம், ஏனென்றால் வரிசை முக்கியம். மேல் மூடியின் திருகை அளவாக முடுக்கி, ஹேண்டில்பாரைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, பிறகுதான் பக்கவாட்டு போல்ட்டுகளை முடுக்க வேண்டும். முடுக்க வேண்டிய அளவு ஸ்டெம்மிலேயே பொறித்திருக்கும். முடிந்ததும் முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் லொடலொட என்று ஆட்டம் இருந்தால் ஓட்டாதீர்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் கேபிளும் கியர் கேபிளும் இழுபடவில்லை என்று பாருங்கள். பழைய மாதிரி வண்டிகளில் ஸ்டெம் ஒரு தண்டாக உள்ளே இறங்கியிருக்கும், உச்சியில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி மேலே தூக்கலாம். அதில் குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய ஆழத்துக்கு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி தூக்கினால் ஓடும்போதே தண்டு கையோடு வந்துவிடும் ஆபத்து உண்டு.

ஹேண்டில்பாரின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கைகளையும் தளர்வாகத் தொங்கவிட்டு, முழங்கையை மடித்து முன்னால் நீட்டிப் பாருங்கள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும். கையின் இயல்பான நிலை அது. நேர் ஹேண்டில்பாரின் முனைகள் பின்னால் வளைவது 10 டிகிரிக்குள்தான். அதைப் பிடிக்க மணிக்கட்டு சுண்டு விரல் பக்கமாக மடங்கியே இருக்க வேண்டும். நம் அப்பாக்கள் ஓட்டிய நாட்டு சைக்கிளின் ஹேண்டில்பார் நன்றாகப் பின்னால் வளைந்து வந்து கையில் இருக்கும். பால் கேனும் நெல் மூட்டையும் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மிதித்தவர்களுக்கு மணிக்கட்டு நேராகவே இருந்தது. அந்த மாதிரி பின்னால் வளைந்த ஹேண்டில்பார்களை இப்போது ஹைப்ரிட் வண்டிக்குப் பொருந்தும்படி விற்கிறார்கள். கிரிப் மாட்டும் பகுதி 22.2 மில்லிமீட்டர் என்றால் உங்கள் பிரேக் லிவரும் கியர் ஷிஃப்டரும் அப்படியே அதில் ஏறும். இரண்டு கைக்கும் சேர்த்து நான் சிபாரிசு செய்யும் ஒரே பெரிய செலவு இதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பின்னால் வளைந்தாலே கை சில சென்டிமீட்டர் உங்கள் பக்கம் வந்துவிடும். ஆகவே இதை மாட்டுவதாக இருந்தால் ஸ்டெம்மைக் குட்டையாக்க அவசரப்படாதீர்கள்.

பிரேக் லிவரின் கோணத்தை யாரும் கவனிப்பதில்லை. லிவர் தரைக்குச் சமமாகவோ மேல்நோக்கியோ இருந்தால் அதை எட்டுவதற்கு மணிக்கட்டைப் பின்னால் வளைக்க வேண்டும். அந்த வளைவு கார்பல் டனலையும் இறுக்கும், கியோன் கால்வாயையும் நீட்டி அழுத்தும், அதாவது உங்கள் இரண்டு கைக்குமே கேடு. சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி, கையை கிரிப்பில் வைத்து விரல்களை நீட்டுங்கள். முன்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வருகிற இடத்தில் லிவர் இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை உயர்த்திய பிறகு இதைச் செய்யுங்கள், முன்பே செய்தால் மறுபடி செய்ய வேண்டிவரும். லிவரின் உள்பக்கம் ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் திருப்பினால் லிவர் கிரிப்பை நெருங்கி வரும், விரல் நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்காது.

பிரேக் விஷயத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. அது உங்கள் வண்டியில் வலது லிவரில் இருந்தால், பலம் குறைந்த கையில் முக்கியமான பிரேக் இருக்கிறது என்று பொருள். கை தேறும் வரை கேபிள்களை மாற்றிக் கட்டி முன் பிரேக்கை இடது கைக்குக் கொண்டுவரலாமா என்று கடையில் கேளுங்கள். மாற்றினால் பழகும் வரை போக்குவரத்து இல்லாத தெருவில் மட்டும் ஓட்டுங்கள், பழக்க தோஷத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிடக் கூடாது. எப்படியிருந்தாலும் துருப்பிடித்த பிரேக் கேபிளை மாற்றுங்கள். மழைக்காலம் ஒன்று பார்த்த கேபிளுக்கும் புதிய கேபிளுக்கும் விரலில் தெரியும் வித்தியாசம் அதிகம், விலையோ மிகக் குறைவு.

கிரிப்புக்கும் கையுறைக்கும் இப்போதுதான் முறை வருகிறது. உள்ளங்கையின் அடியைத் தாங்கும்படி இறக்கை போல விரிந்த கிரிப் நல்லது, போல்ட் வைத்து இறுக்கும் வகையாக வாங்குங்கள். இல்லாவிட்டால் வியர்வையில் சுழன்று, தாங்க வேண்டிய விளிம்பே நரம்பில் குத்தும். கையுறையில் சுண்டு விரல் மேட்டில் தடித்த மெத்தை ஒரே கட்டியாக இருந்தால் சில கைகளுக்கு அதுவே அழுத்தமாகிவிடுகிறது. மெத்தை இரண்டு பக்கமும் இருந்து நடுவே பள்ளம் விட்டதாகப் பாருங்கள்.

டயருக்கு வாருங்கள். கடையில் காற்று அடித்தால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை கல்லாக அடித்துவிடுகிறார்கள். 38 மில்லிமீட்டர் டயருக்கு, 78 கிலோ உடம்புக்கு, முன் சக்கரத்தில் 45 பிஎஸ்ஐ, பின்னால் 50 அல்லது 55 போதும். டயரில் குறைந்தபட்ச அளவு எழுதியிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். அளவு காட்டும் பம்ப் ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டின் சொரசொரப்பு கைக்கு வருவது எவ்வளவு குறைகிறது என்று முதல் நாளே தெரியும். நண்பர்கள் சொல்லும் கார்பன் வண்டியைவிட இது அதிர்வை அதிகம் குறைக்கும். இன்னொன்று, கார்பன் வண்டிகளில் பல வேகத்துக்காகக் குனிந்து ஓட்டும்படி கட்டப்பட்டவை. உங்கள் கைக்கு அது நேர் எதிரான திசை. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

ஓட்டும் விதத்தில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். முழங்கையை விறைப்பாகப் பூட்டி ஓட்டாதீர்கள், லேசாக மடங்கியே இருக்கட்டும். சில நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள். ஹேண்டில்பாரில் கொம்பு போன்ற பார் எண்ட் மாட்டினால் மாற்றிப் பிடிக்க இன்னொரு இடம் கிடைக்கும். வேகத்தடை வரும்போது கையை இறுக்காமல் பெடலில் எழுந்து நின்று கடந்துவிடுங்கள். முதுகில் பை மாட்டும் பழக்கம் இருந்தால் அதைக் கேரியருக்கு மாற்றுங்கள், தோளில் உள்ள பாரத்தில் ஒரு பங்கு கைக்குத்தான் இறங்குகிறது. அலுவலகத்துக்கு பைக்கில் போகிறவராக இருந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்கும் அதே வலது கையும் அதே அதிர்வும் மறுபடி. கை தேறும் வரை பஸ்ஸில் போக முடியுமா என்று யோசியுங்கள்.

வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் தளர்ந்திருந்தால் சீட் எவ்வளவு சரியாக இருந்தாலும் இருபது நிமிடத்தில் உடம்பு கையின் மேல் சாயும். தரையில் முழங்கையை ஊன்றிச் செய்யும் பயிற்சி உங்களுக்கு இப்போது வேண்டாம், நரம்பு அங்கேயும் அழுந்தும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். அப்புறம் குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள், கைகளைத் தரையில் ஊன்றாமல். தினமும் காலையில் பத்து நிமிடம் போதும்.

மருத்துவர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு எப்படித் தொடங்குவது? எதையும் மாற்றுவதற்கு முன்னால் சீட் போஸ்ட்டிலும் சீட் கம்பிகளிலும் இப்போதுள்ள இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டு மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. முதல் வாரம் 15 நிமிடம் மட்டும், வீட்டைச் சுற்றியே. இறங்கியபின் விரலில் மரப்பு எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எழுதி வாருங்கள். இறங்கும் முன்பே மரப்பு வந்தால் தூரத்தைக் குறைத்து, சீட்டிலிருந்து மறுபடி பாருங்கள். வரவில்லை என்றால் வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். நரம்பு இழை அறுந்து மறுபடி வளர வேண்டியிருந்தால் அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். உங்களுக்கு அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நம்புகிறேன், ஆனால் பரிசோதனை முடிவு வரும் வரை அவசரம் வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கல்லணைக்கு சைக்கிளில் வேண்டாம். நண்பர்களை அங்கே போய்ச் சந்தித்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில். பரிசோதனை முடிவுகள் வந்ததும், சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்றோடு எனக்கு எழுதுங்கள். ஸ்டெம் மாற்ற வேண்டுமா, ஹேண்டில்பாரா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை இரண்டையும் வாங்காதீர்கள்.